நேற்றைவிட இன்றைக்கு

ஜேம்ஸ்ராஜ் தன் வாழ்நாளில் மற்றவர்களிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இது தெளிவா, அது தெளிவா?"

கோவில்பட்டியில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில் கண்ணாடிக் கடை. அங்கே பவர் பார்ப்பது அவர் வேலை. டாக்டர் இல்லை. பெரிய படிப்பும் இல்லை. ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் குடும்பம். மழை ஏமாற்றிய ஒரு வருஷம், மீசை சரியாக முளைக்காத வயதில், பஸ் ஏறி வந்தவர். முதலில் சாணைக்கல்லில் கண்ணாடிச் சில்லைத் தேய்த்து ஃபிரேமுக்குப் பொருத்தும் வேலை. விரல் நுனியெல்லாம் கீறல். பிறகு முதலாளி கண்ணபிரான் அவரைச் சோதனை அறைக்குள் விட்டார். நீளமான அறை. ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் எழுத்துப் பலகை. ஓரமாக மரப்பெட்டி நிறைய லென்ஸ். உள்ளே போனவர் கல்யாணம் முடித்து, மகளைப் பெற்று, அவளைப் படிக்க வைத்து, தலை நரைக்கும்வரை அந்த அறையிலேயே இருந்தார்.

வேலை கற்ற புதிதில் அவருக்கு ஒன்று பிடிபடவில்லை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு எது தெளிவு என்று கேட்பார். வருகிறவர்கள் பதில் சொல்வார்கள். அதன்படி கண்ணாடி செய்து கொடுத்தால் சிலருக்குச் சரியாக இருக்கும், பலருக்கு இருக்காது. ஆனால் சரியில்லை என்று ஒருவரும் வந்து சொல்ல மாட்டார்கள். திருவிழாவிலோ சந்தையிலோ பார்த்தால் கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும், கண்ணில் இருக்காது.

பசுவந்தனை வெயிலுமுத்து வந்த அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது.

"முதல்ல போட்டது நல்லாருக்கா, இப்ப போட்டது நல்லாருக்கா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"ரெண்டும் எப்படிய்யா நல்லாருக்கும்? ஒண்ணு கூட, ஒண்ணு கொறய இருக்கும்லா?"

"நீங்க எதைப் போட்டாலும் சரி."

"எனக்கா போடுதேன்? ஒமக்குல்லா போடுதேன்."

"நீங்க பாத்துச் செஞ்சா தப்பாவா இருக்கும்?" என்று சொன்ன வெயிலுமுத்து, பலகையைப் பார்க்கவில்லை. ஜேம்ஸ்ராஜின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் எந்தப் பதிலை விரும்புகிறான் என்று அங்கே தேடிக்கொண்டிருந்தார்.

கரிசல்காட்டு ஊர்களில் அது பழக்கம். மழை பொய்த்து உளுந்து கருகிக் கிடக்கும்போது யாராவது வெள்ளாமை எப்படி என்று கேட்டால் "தேவலை" என்பார்கள். காய்ச்சலில் சுருண்டு கிடப்பவரும் "தேவலை" என்பார். நமக்காக மெனக்கெட்டு ஒருவர் கேட்கும்போது மோசம் என்று சொல்லி அவர் முகத்தைச் சுண்ட வைப்பது மரியாதை இல்லை. அந்த மரியாதையைச் சோதனை நாற்காலிக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாளிலிருந்து ஜேம்ஸ்ராஜ் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்தே எட்டி லென்ஸை மாற்றினார். பார்க்க முகம் இல்லை. குரலையும் பழக்கினார். "ஒண்ணு" என்பதையும் "ரெண்டு" என்பதையும் ஒரே கனத்தில் சொல்ல வேண்டும். எதிலும் ஏற்றம் இருக்கக் கூடாது. கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். அவர்கள் திரும்பிப் பார்த்தாலும், "என்ன அண்ணாச்சி, பேச்சையே காணோம்?" என்று கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரம் தவிப்பார்கள். பிறகு வேறு வழியில்லாமல் பலகையைப் பார்ப்பார்கள். உண்மை வரும்.

"நாற்காலிக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கிடுதீரே, கடன்காரனைக் கண்டவன் மாதிரி" என்று கண்ணபிரான் கேலி செய்தார். ஆனால் சட்டைப்பைக்குள் போகும் கண்ணாடிகள் குறைந்தன.

கண்ணபிரான் வயதானதும் கடையை ஒரு பெங்களூர்க் கம்பெனியோடு சேர்த்துவிட்டார். மரப்பெட்டி பரணுக்குப் போனது. நாற்காலிக்கு முன்னால், முகத்தையே மூடுகிற மாதிரி ஒரு மெஷின் வந்து தொங்கியது. எழுத்துப் பலகை இருந்த இடத்தில், அதே எழுத்துகளைக் காட்டுகிற திரை. பக்கத்தில் ஒரு டிவி. அந்த டிவியில் தினமும் வனிதா என்ற பெண் வருவாள். கண் பரிசோதனைக்கென்றே படித்தவள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே இங்கே லென்ஸை மாற்றுவாள். டக் டக்கென்று மெஷின் தானாகத் திரும்பும். வனிதாவுக்குக் கன்னடமும் இங்கிலீஷும் தெரியும், தமிழ் தெரியாது. அவள் கேட்பதைத் தமிழில் சொல்லி, இவர்கள் சொல்வதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்வது இனி ஜேம்ஸ்ராஜின் வேலை.

நல்ல பெண். "ஜேம்ஸ் சார்" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவசரப்படுத்த மாட்டாள். ஆனால் ஜேம்ஸ்ராஜிடம் இருந்த இங்கிலீஷ், "குட் மேடம்", "நோ குட் மேடம்" இரண்டோடு முடிந்துபோகும்.

அதில் மாட்டிக்கொண்டது பாலம்மாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மாள். வனிதா லென்ஸை ஏற்றிக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ நீளமாகக் கேட்டாள். "க்ளியரர்?" என்பது காதில் விழுந்தது. அதற்குப் பின்னால் சொன்ன இரண்டு வார்த்தை புரியவில்லை. பாலம்மாளோ, "எழுத்து கன்னங்கரேல்னு தெரியுது அண்ணாச்சி" என்றாள். ஜேம்ஸ்ராஜ் "குட் மேடம்" என்றார். இன்னும் ஏற்றினாள். இன்னும் குட்.

கண்ணாடி வாங்கிப்போன பாலம்மாள் அடுத்த வாரம் வந்தாள்.

"கண்ணாடி எப்படித் தாயி இருக்கு?"

"அருமையா இருக்கு அண்ணாச்சி. தல மட்டும்தான் லேசா வலிக்கி."

"எப்ப வலிக்கி?"

"போட்டுருக்கும்போது மட்டும்தான். கழட்டிட்டா ஒண்ணும் இல்ல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு."

ஜேம்ஸ்ராஜுக்குச் சுருக்கென்றது. மைனஸ் பவரை வேண்டியதற்கு மேல் ஏற்றினால் எழுத்து சின்னதாகும், கறுப்பாகும். பார்ப்பவருக்கு அது தெளிவு மாதிரி இருக்கும். தெளிவு இல்லை. பின்னால் நின்று கேட்ட காலத்தில் அவர் இதைத் தமிழில் விசாரித்துப் பிரித்துவிடுவார். வனிதாவும் அதையேதான் கேட்டிருக்கிறாள். தெளிவு கூடியதா, இல்லை சின்னதாகிக் கறுத்ததோடு சரியா என்று. கேள்வி அவர் கைக்கு வந்து, கீழே விழுந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். சுஜா சென்னையில் கார்களுக்குள் வைக்கிற மின்னணுப் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் இன்ஜினியர். அவளுக்கும் அது சாப்பாட்டு நேரம்.

"ஏட்டி, இங்கிலீஷ்ல அதைவிட இது அப்படிங்கதுக்கு எப்படிச் சொல்லுவாவ?"

"கம்பேரிஸனாப்பா? எதுக்கு?"

பாலம்மாள் கதையையும், நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்கிற தன் பழைய விதிகளையும் சொன்னார். சுஜா சிரிக்கவில்லை. அவள் எதையும் படிப்படியாகப் பிரித்துத்தான் சொல்வாள், பாராட்டக்கூடத் தெரியாது.

"சின்ன வார்த்தையா இருந்தா கடைசியில 'அர்' சேருங்க. டார்க், டார்க்கர். ஸ்மால், ஸ்மாலர். நீள வார்த்தையா இருந்தா முன்னால 'மோர்' போடுங்க. மோர் கம்ஃபர்டபிள். ரெண்டையும் ஒண்ணா சேர்க்கக் கூடாது. எதோட ஒப்பிடுதீங்களோ அதுக்கு முன்னால 'தேன்'. அவ்வளவுதான்."

"க்ளியர் சின்னதா, நீளமா?"

"சின்னது. க்ளியரர்."

"மோர் க்ளியரர்?"

"ரெண்டையும் சேர்க்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னேன்?"

"கொஞ்சம் கூடச் சொன்னா நல்லதுன்னு நெனச்சேன்."

சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே ஜேம்ஸ்ராஜ் யோசித்தார். தமிழில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற பொருள்தான் 'அதைவிட' என்று பாரத்தைச் சுமக்கிறது. இங்கிலீஷில் அந்தப் பாரத்தைக் குணத்தின் தலையிலேயே தூக்கி வைக்கிறார்கள். "நம்மள்ல ஒப்பிட்டாலும் கறுப்பு கறுப்புத்தான். அவியளுக்கு ஒப்பிட்ட ஒடனே கறுப்புக்கு வாலு மொளைக்குதே" என்றார். அந்தப் பக்கம் சுஜா முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்படித்தான் மத்தியான வகுப்பு ஆரம்பித்தது. அவள் ஒரு வார்த்தை கொடுப்பாள், அவர் கடைத்தெருவைப் பார்த்து ஒரு வாக்கியம் செய்வார். பசுவந்தனை பஸ் இஸ் ஓல்டர் தேன் கண்ணபிரான் முதலாளி. டீக்கடை டம்ளர் இஸ் ஸ்மாலர் தேன் மை தம்ப். ஹெவிக்கு ஹெவியர் என்று வந்தபோது, மழைக்குப் பிறகு செருப்பில் அப்பிய கரிசலைச் சொன்னார். மை செருப்பு இஸ் ஹெவியர் தேன் மீ.

"குட் எப்படி மாறும்?"

"குட்டர்."

"இல்ல. பெட்டர். அது தனி. பேட்?"

"பேட்டர்?"

"வொர்ஸ். அதுவும் தனி. சொல்லுங்க, டுடே இஸ் வொர்ஸ் தேன் எஸ்டர்டே."

ஜேம்ஸ்ராஜ் சொல்லவில்லை. "சாப்புடுத நேரத்துல அதை ஏன் சொல்லணும்? வேற குடு."

"வெறும் வாக்கியம்தானப்பா."

"அந்த வார்த்தைக்கு இங்கன வேலையே இல்லட்டி. நம்ம ஆளுக யாரு மோசம்னு சொல்லுதாவ? டுடே இஸ் பெட்டர் தேன் எஸ்டர்டே. போதுமா?"

"சரி, பாஸ்" என்றாள் சுஜா.

பாலம்மாளைக் கூப்பிட்டுத் திரும்பச் சோதித்தார்கள். இந்த முறை ஜேம்ஸ்ராஜ் பின்னால் நின்று நிதானமாக விசாரித்து, "நாட் க்ளியரர் மேடம். ஒன்லி ஸ்மாலர் அண்ட் டார்க்கர்" என்றார். டிவியில் வனிதா கண்ணை அகல விரித்தாள். "எக்ஸலன்ட், ஜேம்ஸ் சார்!" லென்ஸ் இறங்கியது. பாலம்மாளின் தலைவலி போனது. கடை வாசலில் நின்று, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுப் போனாள். அன்று வீட்டுக்குப் போய் மனைவி அஞ்சலினிடம் ஜேம்ஸ்ராஜ் இதை மூன்று விதமாகச் சொன்னார்.

"ஒரு வார்த்தைக்கா இம்புட்டு ஆட்டம்?" என்றாள் அவள்.

"ஒன்னைவிட அவ நல்லாப் பாக்குதா இப்ப."

"அந்த அம்மாவுக்கு ஒங்க மூஞ்சியப் பாக்க வேண்டிய கட்டாயம் இல்லல்லா. அதான் கண்ணு தெளிஞ்சிருக்கு."

காலையில் கடை திறந்ததும் மெஷினைச் சரிபார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அதற்கு ஒரு கண் தேவை. ஜேம்ஸ்ராஜ் நாற்காலியில் உட்கார்வார். தூரப் பார்வைக்கு அவர் பவர் கம்பெனியில் பதிவாகியிருந்தது. வனிதா லென்ஸை மாற்றிக் கேட்பாள், இவர் சொல்வார். இரண்டும் பொருந்தினால் மெஷின் சரி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஒருவர் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசி அடைமழை நாளில் அது நடந்தது. இடது கண்ணில் முதல் லென்ஸ். டக். இரண்டாவது லென்ஸ். இரண்டும் ஒரே மாதிரி. மங்கல். புகைக்குள் எழுத்து மிதக்கிற மாதிரி. மழை இருட்டு என்று நினைத்தார்.

"ஃபர்ஸ்ட் ஆர் செகண்ட், சார்?"

டக் சத்தம் எத்தனை என்பது காதுக்குத் தெரியும். தன் பவர் எந்த லென்ஸில் நிற்கும் என்பதும் தெரியும். "செகண்ட் இஸ் க்ளியரர் தேன் ஃபர்ஸ்ட், மேடம்" என்றார். பலகையின் கடைசி வரியை வாசிக்கச் சொன்னாள். அதைப் பார்த்தா வாசிக்க வேண்டும்? மனுஷன் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தப் பலகையைக் காட்டியவர். தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். ஒப்பித்தார்.

"பெர்ஃபெக்ட், சார். யூ ஆர் மை பெஸ்ட் பேஷன்ட்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெண் காலையிலேயே சிரித்த முகமாக இருந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாள் மழை வெறித்து வெயில் அடித்தது. மங்கல் போகவில்லை. புரைவிழும் வயதுதானே என்று சமாதானம் செய்துகொண்டார். சொன்னால் வேறு ஆள் போடுவார்கள் என்ற நினைப்பும் இருந்தது. பவர் பார்க்கிறவனுக்கே கண் தெரியவில்லையாம் என்று சந்துக்கே தெரிந்துவிடும். அதையெல்லாம்விட, காலையில் அந்த முகத்துக்கு முன்னால் மோசம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வெயிலுமுத்துவை அவர் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டார்.

இடது பக்கம் வருகிற மோட்டார் சைக்கிள்கள் திடீரென்று முளைத்தன. குழம்புக் கரண்டி தட்டுக்கு வெளியே கவிழ்ந்தது. "ஏன் சுஜாப்பா, பராக்குப் பாத்துக்கிட்டா ஊத்துதீங்க?" என்று அஞ்சலின் துடைத்தாள். சாயங்காலம் தலை பாரமாக இருக்கும். யார் கேட்டாலும் தேவலை. மத்தியான வகுப்பு மட்டும் நிற்கவில்லை. சுஜா இப்போது 'நியரர்', 'பிரைட்டர்' என்று போய்க்கொண்டிருந்தாள்.

தை மாதம் பொங்கல் விடுமுறை முடிந்து கடை திறந்த காலை. நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கண்ணை மெஷின் மூடியது. வனிதா கடைசி வரியை வாசிக்கச் சொன்னாள். ஜேம்ஸ்ராஜ் கணீரென்று வாசித்தார்.

பதில் இல்லை.

"மேடம்?"

"சார், ப்ளீஸ் ரீட் அகெய்ன்."

இன்னும் கணீரென்று, அதையே வாசித்தார். வனிதா பேசாமல் இருப்பது அதுவே முதல் தடவை. அவர் மெஷினிலிருந்து முகத்தை விலக்கி, வலது கண்ணால் திரையைப் பார்த்தார். எழுத்துகள் வேறு. விடுமுறையில் கம்பெனி எல்லாக் கடைகளுக்கும் பலகையை மாற்றியிருந்தது. ஒரு எழுத்துகூட அவர் வாசித்ததில் இல்லை.

திரும்பி டிவியைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"ஹவ் லாங், சார்?" என்றாள் வனிதா.

"சின்ஸ் ரெய்ன், மேடம்."

அவளே மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பேசி நேரம் வாங்கிக் கொடுத்தாள். கண்ணில் கோளாறு இல்லை. கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில், ஒரு கட்டி. நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் என்று அஞ்சலின் கேட்டாள். இந்த வகைக் கட்டிக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, கொஞ்ச நாள் பார்வை கூட இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். உண்மையோ, ஆறுதலோ, தெரியாது. அறுத்தார்கள். முழுசாக எடுக்க முடியவில்லை. வலது கண்ணும் போனது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

சுஜா மடிக்கணினியோடு வந்து சேர்ந்தாள். முன்னறையில் கட்டில். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. டாக்டர் அவளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். தினமும் காலையில் நேற்றைவிட இன்றைக்கு வலி எப்படி என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, அப்படியே விடுவதா என்று முடிவு செய்வார்கள். வேறு அளவுகோல் கிடையாது.

"நேத்தைவிட இன்னைக்கு எப்படி இருக்குப்பா?"

"தேவலைம்மா."

மறுநாளும் தேவலை. அதற்கு மறுநாள், "பெட்டர்" என்று இங்கிலீஷிலேயே சொன்னார். சுஜா போனில் டாக்டரிடம் சொன்னாள். மருந்தைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

பார்க்க வருகிறவர்களிடமும் அதே பதில்தான். பாலம்மாள் காட்டிலிருந்து பச்சைத் தட்டாங்காய் கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"தேவலை தாயி. தல மட்டும்தான் லேசா."

"லேசான்னா எம்புட்டு?"

"நீ அன்னைக்குச் சொன்னியே, அம்புட்டு."

பாலம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போய் அஞ்சலினைக் கட்டிக்கொண்டு அழுதது அவருக்குக் கேட்டது. கண் போன பிறகு காது கூர்மையாகியிருந்தது. ஷார்ப்பர், என்று நினைத்துக்கொண்டார்.

காதுதான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னது. சுஜா எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது கேள்வியின் நுனியில் ஒரு சின்ன ஏற்றம் இருந்தது. பதில் வருவதற்கு முன்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். தேவலை என்றதும் அது மெதுவாக வெளியே வரும். அந்த மூச்சுக்காகவே அவர் சொன்னார். பிள்ளை எவ்வளவு தூரத்திலிருந்து வேலையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்குக் கொடுக்க அவரிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

வலி அதுபாட்டுக்கு ஏறியது. தலையணையைப் பல்லால் கடித்தார். ஒரு நாள் அஞ்சலின் தலையணை உறையை மாற்றும்போது அதில் கிழிசலைப் பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். உறையை எடுத்துக்கொண்டு போய் மகளிடம் காட்டினாள். ஜேம்ஸ்ராஜுக்கு இது தெரியாது.

மறுநாள் காலையில் கட்டில் நகர்ந்தது. கால்கள் தரையில் கிறீச்சிட்டன. ஒரு பக்கம் சுஜா, மறுபக்கம் அஞ்சலின். தலைமாட்டைச் சுவரிலிருந்து இழுத்து நடு அறைக்குக் கொண்டு வந்தார்கள்.

"என்னத்துக்கு இழுக்குதிய?"

"பெருக்கணும்" என்றாள் அஞ்சலின்.

பெருக்குகிற சத்தம் வரவில்லை. சுஜாவின் காலடி மட்டும் கட்டிலைச் சுற்றி வந்தது. எதிரில் நிற்கவில்லை. பக்கத்திலும் நிற்கவில்லை. தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்றது.

"அப்பா. ஒண்ணு, நேத்து."

இடைவெளி.

"ரெண்டு, இன்னைக்கு."

இரண்டும் ஒரே கனம். எதிலும் ஏற்றம் இல்லை. தராசுத் தட்டு இரண்டும் நேராக நின்றன.

ஜேம்ஸ்ராஜின் உதடு கோணியது. "எங்கிட்டயேவா ஏட்டி?"

பதில் இல்லை. பதில் வரக் கூடாது. அதுதான் விதி. அவர் காதைத் தீட்டிக்கொண்டு அவள் மூச்சுக்குக் காத்திருந்தார். அதையும் காணோம். தெருவில் கடலைமிட்டாய் விற்கிறவரின் மணிச் சத்தம் போனது. அஞ்சலின் வாசற்படியில் நின்றிருக்க வேண்டும், அவளிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு முகம் இல்லை, ஒரு குரல் இல்லை. இத்தனை வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் எப்படித் தவித்திருப்பார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வேறு வழியில்லை. உள்ளே இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நேற்றைப் பார்த்தார். இன்றைப் பார்த்தார்.

"டுடே" என்றார். எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு முதலிலிருந்து சொன்னார். "டுடே இஸ் வொர்ஸ் தேன் எஸ்டர்டே."

நாக்குக்குப் புதிய வார்த்தை. அவர் பயந்த மாதிரி ஒன்றும் இடிந்து விழவில்லை.



"கரெக்ட்ப்பா" என்றாள் சுஜா. குரல் பாதிவரைதான் சமமாக வந்தது.

"நேத்து அதுக்கு முந்தின நாளைவிட" என்று அவரே தொடர்ந்தார், "அதுவும் வொர்ஸ்தான்ம்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் கை அவர் நெற்றிக்கு வந்தது. பின்னாலிருந்து, லென்ஸ் மாற்றுகிறவன் கை வருகிற மாதிரியே வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். டாக்டரிடம் பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது.

அன்றைக்கே மருந்தைக் கூட்டினார்கள். சாயங்காலம் ஜேம்ஸ்ராஜ் வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினார். அஞ்சலின் குறட்டையைக் கேட்டுக்கொண்டே அடுக்களையில் தட்டாங்காய் உரித்தாள். அந்தச் சத்தத்துக்காக அவரைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து திட்டியவள்.

கட்டிலைத் திரும்பச் சுவரோடு ஒட்டவில்லை. தினமும் காலையில் சுஜா பின்னால் போய் நிற்பாள். ஒண்ணு. ரெண்டு. அவர் உண்மையைச் சொல்வார். பெரும்பாலும் வொர்ஸ். சில நாள் சேம். ஒரே ஒரு நாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெட்டர்" என்றார். அவள் அதை நம்பினாள். அன்றைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார். பங்குனி வெயிலுக்குக் கரிசல் இப்போது வெடித்திருக்கும் இல்லையா என்று கேட்டார்.

பிறகு ஒரு காலையில், ஒண்ணு, ரெண்டு என்று கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். கேட்டால் பேசாமல் நிற்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. அவள் நின்றாள். அஞ்சலின் வந்து தோளைத் தொடும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.